மீடியத்தின் இடுப்பளவு

என் தங்கையை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "மீடியம் வந்தாச்சா?", "மீடியத்தைக் கூப்பிடு", "மீடியம் இன்னைக்கு லீவாம், வேலை ஓடாது" என்றுதான் பேச்சு. ரெடிமேட் துணிக் கம்பெனியின் சாம்பிள் ரூமில் அவளுக்கு வேலை நிற்பது. சிரிக்காதீர்கள், அது வேலைதான். புதிதாக ஒரு பேன்ட் வெட்டும்போது முதலில் ஒன்றே ஒன்று தைப்பார்கள். அதைப் போட்டுக்கொண்டு அவள் நிற்க வேண்டும், உட்கார வேண்டும், குனிய வேண்டும், மாடிப்படி ஏற வேண்டும். "தொடையில பிடிக்குது", "பின்னாடி தூக்குது" என்று சொல்ல வேண்டும். வெட்டுகிற மாஸ்டர் குண்டூசியும் சாக்குக்கட்டியுமாக அவளைச் சுற்றி வந்து குறித்துக்கொள்வார். அவள் உடம்பில் சரியாக உட்கார்ந்தால் அதுதான் மீடியம். அதிலிருந்து கொஞ்சம் குறைத்தால் ஸ்மால், கூட்டினால் லார்ஜ், இன்னும் கூட்டினால் எக்ஸ்ட்ரா லார்ஜ். முகம் தெரியாத எத்தனையோ பெண்களின் இடுப்புக்கெல்லாம் என் தங்கை இடுப்புதான் மூலம்.

அந்த வேலை சும்மா கிடைக்கவில்லை. முதலில் அவளும் மற்றப் பெண்களைப் போல மெஷினில் குனிந்து தைத்துக்கொண்டிருந்தவள்தான். முன்பு மீடியமாக இருந்தவள் பிள்ளை உண்டாகி நின்றுவிட, கம்பெனி மேடம் தையல் பெண்களை எல்லாம் வரிசையில் நிறுத்தி டேப் வைத்துப் பார்த்தார். அன்று காலையில் ஒருத்தியும் சாப்பிடவில்லை. நாள் முழுக்க முதுகு ஒடியத் தைப்பவர்களுக்கு நிற்கிற வேலை என்றால் கசக்குமா? டேப் கிட்டே வந்ததும் ஒவ்வொருத்தியும் வயிற்றை முதுகோடு ஒட்டவைத்து மூச்சைப் பிடித்தாளாம். ஒருத்தி மயங்கியே விழுந்தாள். கடைசியில் அளவு சரியாக வந்தது என் தங்கைக்கு.

அன்றிலிருந்து எங்கள் வீட்டுச் சமையலறையில் ராணுவ ஆட்சி. மாதம் பிறந்ததும் கம்பெனியில் மேடமே டேப்போடு வந்து நிற்பார். அரை விரல் கூடினால் எச்சரிக்கை, மறுமாதமும் கூடினால் வேலை போய்விடும். அதனால் தங்கை இரண்டாம் முறை சோறு கேட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் சாப்பிடும்போது அவள் தண்ணீர் குடிப்பாள். யாராவது கேக் கொண்டுவந்தால் முகர்ந்து பார்த்துவிட்டு என் பக்கம் தள்ளுவாள்.

எனக்கு அப்படி ஒரு சங்கடமும் இல்லை. நான் காய்கறி வேன் ஓட்டுகிறவள். மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகன்று, இடுப்பும் அதற்கு ஏற்றபடி வைத்திருக்கிறேன். "ஒருத்தி மீடியம், இன்னொருத்தி மீடியத்தோட மிச்சம்" என்று அம்மா எங்களை அறிமுகப்படுத்துவாள். பெற்ற தாயின் வாய் அது. திருப்பிச் சொன்னால், "சுவர் இருந்தாத்தானே சித்திரம் வரைய முடியும்? நீ சுவருடி, அவ சித்திரம்" என்பாள். பாராட்டா திட்டா என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அப்புறம்தான் நோய் வந்தது. ஊர் உலகமே கதவைச் சாத்திக்கொண்டது. கம்பெனிக்கும் பூட்டு. காய்கறி இல்லாமல் யாரும் உயிர் வாழ முடியாது என்பதால் எனக்கு மட்டும் ஓய்வில்லை. முகத்தை மூடிக்கொண்டு காலியான தெருக்களில் வேன் ஓட்டினேன்.

நான் அத்தனை வீட்டு வாசலையும் மிதித்துவிட்டு வருகிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்த அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நான்தான் கொண்டுவந்து கொடுத்திருப்பேன், வேறு யார்? அவளை உள் அறையில் விட்டுக் கதவைச் சாத்தினோம். தட்டை வாசலில் வைத்துவிட்டு நானும் அம்மாவும் கதவில் காதை ஒட்டிக்கொண்டு அவள் மூச்சு விடும் சத்தத்தைக் கேட்டோம். அந்த இழுப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. நான் எதற்கும் அசையாதவள் என்று பெயர் வாங்கியவள், அந்தக் கதவடியில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

பிழைத்துக்கொண்டாள். ஆனால் மூக்கும் நாக்கும் செத்துவிட்டன. எதைக் கொடுத்தாலும் "காகிதம் மாதிரி இருக்கு" என்பாள். வைத்த தட்டு வைத்தபடி திரும்பி வந்தது. ஒரு நாள் காலை அம்மா முட்டை பொரித்துக்கொண்டிருந்தாள். தங்கை தலை கலைந்தபடி சமையலறை வாசலில் வந்து நின்றாள்.

"அம்மா, வாசனை வருது."

"என்ன வாசனை?"

"முட்டை! முட்டை வாசனை வருதும்மா!"

நின்ற இடத்திலேயே அழுதாள். அழுதுகொண்டே நாலு முட்டை சாப்பிட்டாள். என் பங்கும் போயிற்று, அம்மாவின் பங்கும் போயிற்று. அதற்குப் பிறகு அவள் சாப்பிட்டதைப் பார்க்க வேண்டுமே! எங்கள் வீட்டில் அத்தனை நாளும் அடக்கி வைத்திருந்த ஒரு பசி, கட்டவிழ்த்துக்கொண்டு வந்து பந்தியில் உட்கார்ந்தது. நான் வேனில் மிஞ்சும் பழத்தை எல்லாம் கொண்டுவந்து கொட்டினேன்.

"போதுமாடி? உன் மேடம் டேப்போட வருவாங்க" என்று ஒருமுறை சீண்டினேன்.

அவள் வாழைப்பழத்தை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னாள். "இத்தனை வருஷம் இந்த உடம்பை ஏதோ எதிரி மாதிரி காவல் காத்தேன்கா. அது பாட்டுக்கு எனக்காக உள்ள சண்டை போட்டிருக்கு. அதுக்குப் போய் சோறு போடாம இருக்கலாமா?"

அவள் மட்டும் அல்ல. தையல் பெண்கள் எல்லாரும் சாயங்காலத்தில் போனில் வீடியோ போட்டுக் கூடிப் பேசுவார்கள். முதல் வாரம் தலைவாரி, முகத்துக்கு மாவு பூசி, கல்யாணத்துக்குப் போகிற மாதிரி வந்து உட்கார்ந்தார்கள். போகப் போக மாவு போயிற்று, சீப்பு போயிற்று. அழகு நிலையம் பூட்டிக் கிடந்ததில் புருவங்கள் தம் விருப்பம் போல வளர்ந்தன. ஒருத்தி மேலுதட்டைக் காட்டி, "எங்க அண்ணனை விட எனக்கு நல்லா வந்திருக்குடி" என்று மீசை முறுக்கிக் காட்டினாள். தொளதொள சட்டையைத் தவிர வேறெதையும் அவர்கள் போட்டு நான் பார்க்கவில்லை. எல்லாரும் இப்படி மாறினார்கள் என்று சொன்னால் பொய். பட்டன் வைக்கிற பெண் ஒருத்தி, நாள் முழுக்கத் திரையில் தன் முகத்தையே பார்த்துப் பார்த்து, தாடை சரியில்லை, கழுத்து சரியில்லை என்று புதிதாகக் கவலைப்பட ஆரம்பித்தாள். ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். மற்றவர்கள் அவளைக் கிண்டல் செய்தே சாப்பிட வைத்தார்கள்.

கம்பெனி ரொம்ப நாள் சும்மா இருக்கவில்லை. மாஸ்டர் வீட்டிலேயே பேப்பர் விரித்து வெட்டுவது, தையல் பெண்கள் வீட்டிலேயே தைப்பது என்று மேடம் ஏற்பாடு செய்தார். வெட்டிய துணிக் கட்டுகளை வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு வேன் வேண்டும். காலையில் காய்கறி, மதியம் பேன்ட் என்று என் பாடு ஓடியது.

முதல் சாம்பிள் பேன்ட் எங்கள் வீட்டுக்கு வந்தது. மாவு டப்பாவில் சாய்த்து வைத்த போனில் மாஸ்டரின் மூக்குத் துவாரம் மட்டும் தெரிந்தது. அந்த மனிதர் தன் கை தவறு செய்யும் என்பதையே நம்பாதவர். கடவுள் மனிதனைப் படைத்தபோது அளவு சொன்னதே தான்தான் என்கிற மாதிரி பேசுவார். தங்கை பேன்ட்டை இழுத்தாள். தொடை வரைக்கும் வந்தது. பட்டனுக்கும் ஓட்டைக்கும் ஜென்மப் பகை.

"எப்படிம்மா இருக்கு?"

"டைட்டா இருக்கு மாஸ்டர்."

"டைட்டா? என் கட்டிங்கா?"

"ரொம்ப டைட்டு."

மூக்கு திரையை விட்டு விலகிப்போய்த் திரும்பி வந்தது. பிறகு, "வீட்டுத் தரையில வெச்சு வெட்டினேன்ல. பேப்பர் ஈரத்துல சுருங்கியிருக்கும். கூட்டி அனுப்பறேன்" என்றார், செத்த குரலில்.

கூட்டி அனுப்பினார். அதுவும் டைட். மறுபடி கூட்டினார். நான் கதவோரம் நின்று சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடினேன். "ஏண்டி, நீ பெருத்ததைச் சொல்லலையே?" என்றால், "அவர் பேன்ட் எப்படி இருக்குன்னுதான்கா கேட்டார். நான் எப்படி இருக்கேன்னு கேக்கலையே" என்றாள். பொய் சொல்லவில்லை. உண்மையை முழுதாக அவிழ்க்கவும் இல்லை. மூன்றாவது பேன்ட் அவளுக்குக் கச்சிதமாக உட்கார்ந்தது. மேடம் போனிலேயே சரி சொல்லிவிட்டார். அந்த அளவிலேயே எல்லா சைஸும் வெட்டி, முழு லாட்டும் தைத்து, பெட்டியில் அடுக்கியாகிவிட்டது.

அப்போதுதான் கம்பெனியைத் திறக்கிறோம் என்று செய்தி வந்தது. திங்கட்கிழமை எல்லாரும் வர வேண்டும். மேடம் முதல் வேலையாக மீடியத்தை அளந்து, லாட்டைச் சரிபார்த்து அனுப்புவாராம்.

தங்கை இரண்டு நாள் தண்ணீர் மட்டும் குடித்தாள். நேற்றுவரை உடம்புக்குச் சோறு போட வேண்டும் என்று பேசியவள்! நான் கத்தினேன், அம்மா கெஞ்சினாள். திங்கள் காலை அறைக்குள் போய்ப் பார்த்தால், கால் சுளுக்குக்குச் சுற்றுகிற அகலமான கட்டுத்துணியை இடுப்பில் இறுக்கி இறுக்கிச் சுற்றிக்கொண்டிருக்கிறாள். முகம் சிவந்துவிட்டது.

"என்னடி இது? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறியா?"

"நான்தான் பூசணிக்காயா?" என்று அந்த நிலையிலும் முறைத்தாள்.

"மூச்சு விட முடியாம கிடந்தவ நீ. இப்ப நீயே மூச்சைக் கட்டறியே, அறிவிருக்கா உனக்கு?"

"வேலை போனா நீ தருவியா வேலை? மெஷினுக்கும் இனி ஆள் எடுக்க மாட்டாங்க. தைக்கறது கை மறந்தே போச்சு, இப்ப எனக்கு நிக்கத்தான்கா தெரியும்."

அவளை வேனில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் அரை மூச்சு விட்டுக்கொண்டு, சாயவும் முடியாமல் குனியவும் முடியாமல் நட்டு வைத்த கம்பு போல உட்கார்ந்திருந்தாள்.

கம்பெனியில் சுமை தூக்குகிறவர்கள் இன்னும் திரும்பவில்லை. "நீதானே வேன் அக்கா? அந்தப் பெட்டியெல்லாம் சாம்பிள் ரூமுக்குக் கொண்டுவந்துடு" என்று மேடம் என்னை ஏவினார். அதனால்தான் நடந்ததை எல்லாம் என் கண்ணால் பார்த்தேன்.

மேடம் டேப்பைத் தங்கை இடுப்பில் சுற்றினார். கட்டு தன் வேலையைச் செய்திருந்தது. "ஒரு விரல்தான் கூட. பரவாயில்ல, ரெண்டு நாள்ல குறைச்சிடு" என்றார். பிறகு பெட்டியைப் பிரித்து லாட்டிலிருந்து ஒரு மீடியம் பேன்ட்டைப் போட்டுவரச் சொன்னார். தங்கை டிரையல் ரூமிலிருந்து வந்தாள். கட்டி இறுக்கிய இடுப்பில் பேன்ட் நிற்குமா? ஒரு கையால் பிடித்துக்கொண்டு வந்தாள்.

மேடம் மாஸ்டர் பக்கம் திரும்பினார். "என்ன மாஸ்டர் இது? பேன்ட்டா, சாக்கா? ஒரு லாட்டே போச்சே! கண்ணு தெரியலைன்னா சொல்லிட்டு வீட்ல இருக்க வேண்டியதுதானே?"

மாஸ்டர் பேப்பரைப் பார்த்தார், பேன்ட்டைப் பார்த்தார், தன் கையைப் பார்த்தார். "எனக்கே புரியல மேடம். வயசாயிடுச்சு போல" என்றார். எத்தனை பேசுகிற மனிதர்! முகமூடிக்கு மேலே கண் கலங்கிவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

தங்கை கள்ளனுக்குத் தேள் கொட்டியது போல நின்றாள். வாயைத் திறந்தால் வேலை போகும், திறக்காவிட்டால் மாஸ்டர் போவார். நான் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். சொல்லிவிடு என்று கத்த நினைத்தேன், சொல்லாதே என்றும் நினைத்தேன். அம்மா அங்கே இருந்திருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பாள்.

அவள் டிரையல் ரூமுக்குள் போனாள். திரும்பி வந்தபோது அந்தக் கட்டுத்துணியைச் சுருட்டிக் கொண்டுவந்து மேடத்தின் மேஜைமேல் வைத்தாள். பேன்ட்டைப் பிடித்திருந்த கையை எடுத்துவிட்டாள். அது விழவில்லை. இடுப்பில் அழகாக உட்கார்ந்திருந்தது.

"மாஸ்டர் மேல தப்பில்ல மேடம். நான் பெருத்துட்டேன். சொல்லாம இருந்தது நான்தான். இப்ப அளந்து பாருங்க."

மேடம் பேசுவதற்குள் மாஸ்டர் பாய்ந்தார். "அப்ப என் கட்டிங் சரியா? முதல் தடவை வெட்டினதும் சரிதானா?"

"எல்லாமே சரி மாஸ்டர். நான்தான் மாறிட்டே இருந்தேன்."

"அதானே பார்த்தேன்!" என்று மேஜையைத் தட்டினார். அந்த நேரத்தில் கம்பெனி பற்றி எரிந்திருந்தாலும் அவர் கவலைப்பட்டிருக்க மாட்டார்.

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மேடம் சிரிக்கவில்லை. "உண்மையைச் சொன்னே, சந்தோஷம். ஆனா அளவு போச்சுன்னா வேலை போச்சு. அது உனக்கே தெரியும். தையல் பொண்ணுங்களை வரச் சொல்லுங்க. வேற மீடியம் எடுக்கறேன். இந்த லாட்டைப் பிரிச்சுத் தைக்கணும்."

பெண்கள் வந்து வரிசையில் நின்றார்கள். டேப் முதல் பெண்ணிடம் போனது. அவள் வயிற்றை உள்ளே இழுக்கவில்லை. கையைத் தூக்கிக்கொண்டு, ஏதோ சட்டைத் துணிக்கு அளவு கொடுப்பவள் போல நின்றாள். "பழைய லார்ஜ்" என்றார் மேடம். "முப்பது வயசாச்சு, இதெல்லாம் இருக்கும் மேடம்" என்றாள் அவள். அடுத்தவளும் லார்ஜ். மீசை முறுக்கியவளிடம் டேப் வந்தபோது, "நானே சொல்லிடறேன், டேப்பை வீணா நீட்ட வேணாம்" என்று தன் அளவைச் சத்தமாகச் சொன்னாள். சிரிப்பு கிளம்பியது. பட்டன் பெண் மட்டும் பழைய பழக்கத்தில் மூச்சைப் பிடித்தாள். பக்கத்திலிருந்தவள் விலாவில் ஒரு குத்து விட்டாள். அவள் களுக்கென்று சிரித்துவிட, பிடித்த மூச்சும் வயிறும் வெளியே வந்தன.

வரிசையின் கடைசியில் ஊசி என்று கூப்பிடப்படுகிற பெண் நின்றாள். காய்ச்சலில் கரைந்து போனவள். அவளுக்கு டேப் குறைவாகக் காட்டியது. மேடம் முகத்தில் வெளிச்சம். "நீ கொஞ்சம் சாப்பிட்டு ஏறினா சரியா வந்துடும்."

"ஏறுவேன் மேடம். ஆனா ஏற ஆரம்பிச்சா நிறுத்த மாட்டேன்."

"ஏண்டி, முன்ன இந்த வேலைக்கு மயங்கி விழுந்தவங்கதானே நீங்க?"

"விழுந்தது நான்தான் மேடம்" என்றாள் ஊசி. "அப்ப எழுப்பி உக்கார வெச்சு, அடுத்த தடவை பாக்கலாம்னு சொன்னீங்க. நான் சாகக் கிடந்தேன் மேடம், எங்க அம்மா கரண்டியால ஊட்டினாங்க. திரும்பவும் பட்டினி கிடந்து யாருக்கு நிக்கறது?"

மேடம் டேப்பைக் கையில் சுற்றினார், அவிழ்த்தார், மறுபடி சுற்றினார்.

"அப்ப இந்த லாட்டை யாருக்கு விக்கறது?" என்றார் கடைசியில்.

மீசைக்காரி தொண்டையைச் செருமினாள். "கோவிச்சுக்காதீங்க மேடம். வீட்ல தைக்கறப்ப நாங்க எல்லாரும் ஒரு தடவை போட்டுப் பாத்துட்டோம். அவங்கவங்க சைஸ் அவங்கவங்களுக்கு உக்காந்துச்சு. கழட்டவே மனசு வரல."

"போட்டீங்களா? விக்கற பேன்ட்டையா?"

"துவைச்சு, இஸ்திரி போட்டுத்தான் அனுப்பினோம்."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை. மேடம் என்ன செய்யப்போகிறாரோ என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் ஸ்டாண்டிலிருந்து பழைய கட்டிங் பேன்ட் ஒன்றை உருவினார், பெட்டியிலிருந்து அதே சைஸில் புதியது ஒன்றை எடுத்தார், டிரையல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இழுக்கிற சத்தம், குதிக்கிற சத்தம், பெருமூச்சு. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. கதவு திறந்தது. பழையது கையில் இருந்தது. புதியதைப் போட்டிருந்தார்.

யாரும் சிரிக்கத் துணியவில்லை. மாஸ்டர் மட்டும், "பின்பக்கம் நல்லா விழுந்திருக்கு மேடம்" என்று தொழில்ரீதியாகச் சொன்னார்.

"வாயை மூடுங்க மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு மேடம் தங்கையிடம் வந்தார். டேப்பை விரித்தார். "மூச்சைப் பிடிக்காதே. சாதாரணமா நில்லு." அளந்தார். அளவைப் படித்து மாஸ்டரிடம், "இனிமே மீடியம் இதுதான். போர்டுல மாத்திடுங்க" என்றார். "மாசாமாசம் அளக்கறது இல்லையா மேடம்?" என்று தங்கை கேட்டாள். "அளக்கத்தான் செய்வேன். மாறினா சொல்லு, நாம கட்டிங்கை மாத்திக்கலாம்" என்றார். பிறகு எல்லாரையும் பார்த்து, "என்ன வேடிக்கை? மெஷினுக்குப் போங்க!" என்று கத்தினார். அந்தப் பெண்கள் போட்ட கூச்சலில் என் காது அடைத்துவிட்டது.

சாயங்காலம் வேனில் தங்கை என் பக்கத்தில் தாராளமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நான் வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். மாஸ்டர் மாதிரி நடித்துக் காட்டினேன், மேடம் குதித்ததை நடித்துக் காட்டினேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் திடீரென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்னடி? அதான் வேலை இருக்கே, இன்னும் என்ன?"

"வேலை போயிடும்னு பயந்தேன்தான்" என்றாள். "ஆனா அதைவிடப் பெரிய பயம் ஒண்ணு இருந்துச்சுக்கா. வேலை போகாம இருந்துட்டா என்ன பண்றதுன்னு. கட்டைப் போட்டுட்டு உள்ள போனப்ப, ஒரு விரல்தான், குறைச்சிடுன்னு அவங்க சொன்னாங்க இல்ல? அப்ப எனக்கு அழுகையே வந்துடுச்சு. ஐயோ, திரும்பவும் பசியோட இருக்கணுமான்னு."

நான் வேனை ஓரங்கட்டி நிறுத்தினேன். ஒரே வீட்டில், ஒரே தட்டு வரிசையில், இவள் பக்கத்திலேயே உட்கார்ந்து இத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன். இவளுக்குப் பசி பழகிப்போய்விட்டது என்றுதான் நினைத்திருந்தேன். இவள் தள்ளிவிட்ட கேக்கை எல்லாம் சந்தோஷமாகத் தின்றிருக்கிறேன். அவளை இழுத்துக் கட்டிக்கொண்டேன். கைக்கு நிறைய இருந்தாள்.

"விடுக்கா, மூச்சு முட்டுது" என்றாள்.

விட்டேன். எதிர்ப்பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை திறந்திருந்தது. இரண்டு நாளாகத் தண்ணீர் குடித்துக் கிடந்தவளை அங்கே கூட்டிக்கொண்டு போனேன்.